எரிமலை என்று எண்ணிய மேடு

நுழையும்முன்

பாறைகளை ஆராய்வதற்காகத் தமிழகம் வந்த நிலவியலாளர் ஒருவர், இந்நிலத்தில் மனிதனின் தொன்மை எவரும் எண்ணியிராத அளவுக்குப் பெரியது என்பதைக் காட்டினார். எரிமலைக் கசடு என்று சிலர் கருதிய சாம்பல் மேடுகளைப் புதிய கற்கால ஆயர்களின் வாழ்வோடு இணைத்துப் பொருள் கண்டார். இராபர்ட் புரூஸ் பூட் என்னும் அவ்வறிஞரின் வாழ்வையும் ஆய்வு நெறியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செந்நிற மேட்டு நிலம்

கடலூரை அடுத்துள்ள கேப்பர் மலை, பெயரளவில்தான் மலை. உண்மையில் அது செந்நிற மணற்கல்லாலான மேட்டு நிலமாகும். அண்ணாகிராமத்தை அடுத்த பண்ணுருட்டிப் பகுதியில் முந்திரியும் பலாவும் செழித்து வளரும் செம்மண்ணும் இம்மணற்கல்லோடு தொடர்புடையது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இதன் அடியில்தான் புதைந்துள்ளது. திருவக்கரையில் கல்லாக மாறிக் கிடக்கும் பெருமரங்களும் இப்படிவத்தைச் சேர்ந்தவையே. நிலவியலார் இதனைக் கடலூர் மணற்கல் என்று வழங்குவர்.

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பாறைகளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முறையாக ஆராய்ந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. அவருடைய அறிக்கை 1862இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஆகிய மாவட்டப் பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி மற்றோர் அறிக்கை 1864இல் வந்தது. அதனை எழுதியவர் இருவர். ஒருவர் வில்லியம் கிங். மற்றவர் முப்பது வயதையும் எட்டாத இராபர்ட் புரூஸ் பூட். பிற்காலத்தில் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று போற்றப்பட்டவர் இவரே.

நிலவியலாளரின் பணி

பூட், 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், தம் 24ஆம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றார். அத்துறை, தாமஸ் ஓல்டாம் தலைமையில் 1851இல் தொடங்கப்பட்டதாகும். இரயில்களும் நீராவிக் கப்பல்களும் பெருகிவந்த காலம் அது. நிலக்கரி எங்கே கிடைக்கும், இரும்பும் பொன்னும் எங்கே உள்ளன என்பவற்றை அறிவதே ஆங்கில அரசின் முதன்மை நோக்கமாக இருந்தது. பழங்கால மனிதனைத் தேடுமாறு பூட்டுக்கு யாரும் ஆணையிடவில்லை.

அக்காலத்து நிலவியலாளர் குளிர்காலம் முழுவதும் கூடாரங்களில் தங்கிக் களப்பணி செய்வர். வெயில் முற்றியதும் நகரத்துக்குத் திரும்பி, திரட்டிய செய்திகளை அறிக்கையாகவும் நிலப்படமாகவும் ஆக்குவர். சுத்தியலும் திசைகாட்டியும் குறிப்பேடுமே அவர்களுடைய கருவிகள். ஓடை அரித்த கரை, புதிதாக வெட்டிய கிணறு, சாலைப் பணிக்குச் சரளை எடுத்த குழி ஆகிய இடங்களையே அவர்கள் நாடிச் செல்வர். ஏனெனில், நிலத்தின் அடுக்குகள் அங்கேதான் வெளிப்பட்டு நிற்கும். குலையாத படிவத்தில் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்பது நிலவியலின் முதற்பாடம். எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பதைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அப்பொருள் தன் வரலாற்றை இழந்துவிடும். இப்பாடத்தைப் பூட் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1862இல் பீட்டர் பெர்சிவலின் மகளைப் பூட் மணந்தார். பெர்சிவல், தினவர்த்தமானி என்னும் தமிழ் இதழை நடத்தியவர்; ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டவர். மாமனார் மக்கள் நாவில் வழங்கிய பழமொழிகளைத் தேடித் திரட்டினார். மருமகனோ அம்மக்களின் காலடியில் கிடந்த கற்களைத் திரட்டினார்.

பல்லாவரத்துக் கல்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படைவீரர் பயிற்சித் திடலின் அருகே பூட் நடந்துசென்றார். அங்கே செம்புறாங்கல் சரளை எடுத்த சிறு குழி ஒன்று இருந்தது. குழியிலிருந்து வெளியே கொட்டப்பட்டிருந்த சரளையில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. குவார்ட்சைட் என்னும் கடினப் பாறையாலான அக்கல், இயற்கையில் உருண்டு தேய்ந்த கற்களைப்போல் இல்லை. அதன் விளிம்புகள் செதுக்கப்பட்டிருந்தன.

ஐரோப்பாவில் அப்போது பெரும் விவாதம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சமவெளியில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடைப்பதாக பூஷே தெ பெர்த் என்பவர் நெடுங்காலமாகக் கூறிவந்தார். அதனை அறிஞர்கள் ஏற்கவில்லை. 1859இல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் ஆகியோர் நேரில் சென்று பார்த்து, அவர் கூற்று உண்மையே என்று அறிவித்தனர். அதன்பின் மனித வரலாற்றின் கால எல்லையே மாறிப்போனது. இச்செய்திகளைப் பூட் அறிந்திருந்தார். ஆதலால், ஆயிரக்கணக்கானோர் மிதித்துச் சென்ற சரளையில் அவர் ஒரு கருவியைக் கண்டார்.

எனினும், ஒரு கல்லை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கூற இயலாது. இயற்கையின் மோதலாலும் கற்கள் உடையும். உடைந்த கல்லையும் உடைத்த கல்லையும் எவ்வாறு வேறுபடுத்துவது? மனிதன் செதுக்கிய கல்லில் சில்லுகள் ஒரே நோக்கத்தோடு, ஒன்றையடுத்து ஒன்றாக, இருபுறமும் பெயர்க்கப்பட்டிருக்கும். கையில் பிடிக்கும் பக்கம் தடித்தும் மறுபக்கம் கூர்ந்தும் அமையும். மற்றொரு சிக்கலும் இருந்தது. பல்லாவரத்துக் கல், குழிக்கு வெளியே கொட்டிய சரளையில் கிடைத்ததே அன்றிப் படிவத்திற்குள் அது இருந்த நிலையை யாரும் காணவில்லை.

இக்குறையை நீக்கும் சான்று நான்கு திங்களில் கிடைத்தது. 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பூட்டும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுச் சமவெளியிலுள்ள அதிரம்பாக்கத்தை அடைந்தனர். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே உள்ள ஊர் அது. அங்கு ஓடை அரித்த கரையில் கற்கருவிகள் படிவத்தில் பதிந்தவாறே காணப்பட்டன. கைக்கோடரிகள் பல கிடைத்தன. தமிழ்நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

சாம்பல் மேடுகள்

பூட்டின் களப்பணி தமிழ் மாவட்டங்களோடு நின்றுவிடவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த பெல்லாரி மாவட்டத்தில் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். அம்மாவட்டத்தின் நிலவியலைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1895இல் வெளிவந்தது. அங்கே அவரை ஈர்த்தவற்றுள் ஒன்று, கருங்கற்குன்றுகளுக்கு இடையே ஆங்காங்கே எழுந்து நின்ற சாம்பல் மேடுகளாகும்.

அம்மேடுகள் வியப்புக்குரியவை. சில, வீட்டுக்கூரையையும் விஞ்சிய உயரமுடையவை. மேலே புல் முளைத்திருக்கும். தோண்டினால் உள்ளே சாம்பல் நிறத் தூள் உதிரும். இடையிடையே உருகி இறுகிய கண்ணாடி போன்ற கசடு, துளைகள் நிறைந்த கட்டிகளாகக் கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உறைந்த கல்லைப்போலவே தோன்றும்.

மக்கள் இம்மேடுகளுக்குக் கதைகளால் விளக்கம் தந்தனர். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேடு, வாலியின் உடல் எரியூட்டப்பட்ட இடம் என்று நம்பப்படுகிறது. கற்றறிந்தோரும் பலவாறு கருதினர். எரிமலைக் கசடு என்றனர் சிலர். இரும்பு உருக்கிய உலையின் கழிவு என்றனர் வேறு சிலர். செங்கற்சூளையின் எச்சம் என்றும், பெருங்கூட்டமாக உயிர்களை எரித்த இடம் என்றும் கூறியோரும் உண்டு. சென்னைப் படைப்பிரிவின் அலுவலரும் நிலவியல் ஆர்வலருமான தாமஸ் ஜான் நியூபோல்டு, 1843இல் இம்மேடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதி அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்திருந்தார். ஆயினும் புதிர் முழுமையாக அவிழவில்லை.

எரிமலையா?

எரிமலை என்னும் கருத்தை நிலவியலாளர் எவ்வாறு சோதிப்பார்? எரிமலை தன் அடையாளங்களை விட்டுச்செல்லும். குழம்பு மேலேறி வந்த வாய் இருக்க வேண்டும். வழிந்தோடிய குழம்பு பாறையாக உறைந்து, சரிவில் நெடுந்தொலைவு பரவியிருக்க வேண்டும். காற்றில் பறந்த சாம்பல், சுற்றுப்புறம் எங்கும் படிந்திருக்க வேண்டும்.

பெல்லாரியின் மேடுகளிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. வாய் இல்லை, வழிந்த குழம்பும் இல்லை. சாம்பல், மேட்டின் எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தது. மேடுகள் நிற்கும் அடித்தளமோ பல நூறு கோடி ஆண்டுப் பழமையுடைய கருங்கல். மேலும், கசடுக்கிடையே மாட்டெலும்புகளும் பானை ஓடுகளும் தீட்டிய கற்கோடரிகளும் கிடைத்தன. எரிமலையின் வயிற்றில் பானை ஓடு பிறப்பதில்லை.

மேடுகள் அமைந்த இடங்களையும் பூட் நோக்கினார். அவற்றின் அருகில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குன்றுகள் இருந்தன. பெல்லாரிக்கு அருகிலுள்ள குப்கல் குன்றில், கற்கோடரி செய்யும் பெரும் பட்டறையே இயங்கியதற்கான தடயங்கள் கிடைத்தன. செதுக்கத் தொடங்கிய கல், பாதி செதுக்கிய கல், தீட்டி முடித்த கோடரி, உடைந்ததால் எறியப்பட்ட துண்டு என ஒரு தொழிலின் எல்லா நிலைகளும் அங்கே சிதறிக் கிடந்தன. அக்கோடரிகள் டோலரைட் என்னும் கரிய பாறையால் செய்யப்பட்டவை. பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த குழம்பு, கருங்கல்லின் பிளவுகளில் புகுந்து இறுகியதால் உண்டானது அப்பாறை. உண்மையான தீக்குழம்பின் எச்சம், மக்கள் எரிமலை என்று ஐயுற்ற மேட்டில் இல்லை. அம்மேட்டருகே வாழ்ந்தவர்களின் கைக்கோடரியில் இருந்தது.

அவ்வாறாயின் சாம்பல் எங்கிருந்து வந்தது? மாட்டுச் சாணம் குவிந்து எரிந்ததனால் வந்தது என்பதே பூட் கண்ட விடை. புல்லில் மணற்சத்து உண்டு. புல்லை மேய்ந்த மாட்டின் சாணத்திலும் அது தங்கும். பெருங்குவியலாகச் சாணம் எரியும்போது எழும் கடும் வெப்பத்தில் அச்சத்து உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும். எரிமலையை நினைவூட்டிய கசடின் பிறப்பு இதுவே. சாணத்தை வறட்டியாகத் தட்டி அடுப்பெரித்த நம் நாட்டார்க்கு அதன் தீ புதிதன்று. அத்தீ ஒரு மேட்டையே படைக்கும் என்பதுதான் எவர்க்கும் தோன்றவில்லை.

பின்னர் வந்த உறுதி

பூட்டின் கருத்து நெடுங்காலம் விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது. 1957இல் எப். ஆர். ஆல்சின் என்னும் தொல்லியலாளர், இன்றைய தெலங்கானாவைச் சேர்ந்த உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டை அகழ்ந்தார். மரக்கம்பங்களை நட்டு அடைப்பு அமைத்திருந்த குழிகள் அங்கே தென்பட்டன. அடைப்பினுள் சாணம் சேர்ந்ததும், அது எரிக்கப்பட்டதும், மீண்டும் அடைப்பு எழுப்பப்பட்டதும் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த மாடுகளின் குளம்புத் தடங்கள் அங்கே பதிந்திருந்தன. சாம்பலை ஆய்வகத்தில் சோதித்த எப். இ. சாய்னர், அது சாணச் சாம்பலே என்று 1960இல் எழுதினார். இம்மேடுகளின் தொன்மை ஏறத்தாழ 4000 முதல் 5000 ஆண்டுகள் ஆகும்.

சாணத்தை ஏன் எரித்தனர் என்பது குறித்து இன்றும் ஆய்வு தொடர்கிறது. பொங்கல், ஹோலி போன்ற விழாக்களில் தீ மூட்டும் வழக்கத்தோடு ஆல்சின் இதனை ஒப்பிட்டுப் பார்த்தார். முல்லை நிலத்து ஆயர் வாழ்வைச் சங்கப் பாடல்களில் கற்கும் நமக்கு, அவ்வாழ்வின் மிக மூத்த தடங்களுள் ஒன்றாக இம்மேடுகள் தோன்றுவது இயல்பே.

தெரிந்து தெளிவோம்

மகாராட்டிர மாநிலத்தின் லோனார் ஏரி, 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டப் பள்ளத்தில் அமைந்தது. எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பாறையில் அது இருப்பதால், நெடுங்காலம் அது எரிமலை வாய் என்றே கருதப்பட்டது. கடும் மோதலால் மட்டுமே உண்டாகும் கண்ணாடிப் பொருள் அங்குக் கிடைத்ததால், விண்கல் விழுந்து ஏற்பட்ட பள்ளம் அது என்பது 1970களில் உறுதியாயிற்று. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலை, அந்தமான் கடலிலுள்ள பேரன் தீவில் இருக்கிறது. அதன் சீற்றம் 1787இல் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது.

திரட்டிய செல்வம்

தென்னிந்தியாவில் பொன் தாங்கிய பழம்பாறைத் தொகுதியை இனங்கண்டு, அதற்குத் தார்வார் எனப் பெயரிட்டவரும் பூட்டே. 1884இல் கர்நூல் பகுதியின் பில்லாசுர்கம் குகைகளை ஆராயத் தொடங்கினார். அப்பணியில் அவர் மகனும் பங்கேற்றார். தூத்துக்குடிப் பகுதியில் சாயர்புரத்துச் செம்மணல் தேரியில் நுண்கற்கருவிகளைக் கண்டார். 1891இல் ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. பரோடா, மைசூர் அரசுகளுக்காக நிலவியல் பணி செய்தார். பின்னர் ஏற்காட்டில் குடியமர்ந்தார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் திரட்டிய தொல்பொருள்கள் 450க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வந்தவை. அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்பாமல் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விலைக்குக் கொடுத்தார். ஒவ்வொரு பொருளும் எங்கே, எந்நிலையில் கிடைத்தது என்பதை விளக்கும் பட்டியலை அவரே உருவாக்கினார். அது, அவர் மறைவுக்குப்பின் 1914, 1916ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கொல்கத்தாவில் அவர் காலமானார். அவருடைய நினைவிடம் ஏற்காட்டில் உள்ளது.

பூட் கூறிய அனைத்தும் பிற்காலத்தில் நிலைபெறவில்லை. செம்புறாங்கல் படிவங்கள் கடலடியில் உண்டானவை என்ற அவர் கருத்தைப் பின்வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. கற்கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் கூறும் வழியும் அவர் காலத்தில் இல்லை. ஆயினும், கிடைத்த இடத்தையும் அடுக்கையும் அவர் பிழையறக் குறித்து வைத்தமையால், அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர முடிந்தது. சாந்தி பப்பு குழுவினர் அதிரம்பாக்கத்தில் மீண்டும் அகழ்ந்தனர். அங்குள்ள மூத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் வெளியிட்டனர். கருவி செய்யும் முறை அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் புதிய நிலைக்கு மாறியது என்று 2018இல் காட்டினர்.

இவ்வரலாற்றில் பெயர் பதிவாகாத பலரும் உண்டு. கூடாரம் சுமந்தோர், குழி வெட்டியோர், எந்த ஓடையில் எந்தக் கல் கிடக்கிறது என்று வழிகாட்டிய ஊரார் ஆகியோரின் உழைப்பின்றி ஒரு நிலப்படமும் உருவாகியிருக்காது.

சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளையும் மண்ணும் இன்று பேரளவில் அள்ளப்படுகின்றன. பல்லாவரத்தில் ஒரு சரளைக்குழி அரிய உண்மையை வெளிக்கொணர்ந்தது. அத்தகைய குழிகளே, கவனிப்பார் இல்லாதபோது, சான்றுகளை அடியோடு அழித்தும் விடுகின்றன. அள்ளிய மண்ணில் கலந்துபோன கருவியை எடுக்க முடிந்தாலும், அது கிடந்த அடுக்கை மீட்க முடியாது. ஊர்ப்புறத்தில் மாறுபட்ட கல்லோ பழைய ஓடோ கண்ணில் பட்டால், அதனைப் பெயர்க்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவிப்பதே முறை. பூட் கண்ட கருவிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் இன்றும் அறியலாம். அக்கற்கள் இன்று பேசுவதற்குக் காரணம், அவை கிடந்த இடத்தை ஒருவர் அன்றே எழுதி வைத்ததுதான்.